லவ் பேர்ட்ஸ் வளர்ப்பு: கூண்டு முதல் தீவனம் வரை முழுமையான வழிகாட்டி

முதல் ஜோடியை வாங்கி வந்த அன்று கடைக்காரர் சொன்னது ஒரே வரிதான். "தினை போடுங்க, தண்ணி வைங்க, அவ்வளவுதான்." அதை அப்படியே நம்பினோம். வெள்ளிக்கிழமை கிண்ணம் நிறையத் தினை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தபோதும் கிண்ணம் நிறைந்துதான் இருந்தது, அதனால் தொடவில்லை. திங்கள் காலையில் நீலப் பறவை கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, மதியத்துக்குள் போய்விட்டது. அப்புறம் கிண்ணத்தை எடுத்து லேசாக ஊதினேன். மேலே நிறைந்திருந்தது முழுக்க உமி. அது பறந்து போனபின் அடியில் ஏழெட்டுத் தினை கிடந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பறவை தினையை அப்படியே விழுங்காது. அலகில் வைத்து உருட்டி, தோலை உரித்து அதே கிண்ணத்தில் துப்பிவிட்டு, உள்ளே இருக்கும் பருப்பை மட்டும் தின்னும். உரித்த உமி, தூரத்திலிருந்து பார்த்தால் தினை மாதிரியேதான் தெரியும். முப்பது நாற்பது கிராம் எடை உள்ள உயிர், இரண்டு நாள் பட்டினியைத் தாங்காது. ஆகவே மற்ற எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள்: தினமும் காலையில் கிண்ணத்தை வெளியே எடுத்து, ஊதி, மிச்சம் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுப் புதுத் தீவனம் போடுங்கள்.

முதலில், வீட்டுக்கு வருவது எந்தப் பறவை?

கடையில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பது பட்ஜி என்கிற பட்ஜெரிகர். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கப் பறவைகள், குட்டை வாலும் பெரிய அலகுமாக இருக்கும், விலையும் அதிகம். பட்ஜியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதி. 1840ல் ஜான் கூல்டு என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், அங்கிருந்துதான் உலகம் முழுக்கக் கூண்டுப் பறவையாகப் பரவியது. காட்டில் அது பெரிய கூட்டமாக வாழும், தண்ணீர் தேடி நெடுந்தூரம் பறக்கும், தரையில் இறங்கி நடந்து நடந்து புல்விதை பொறுக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கூண்டு ஏன் நீளமாக இருக்க வேண்டும், ஏன் ஜோடியாக வளர்க்க வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

ஒரு விஷயம் சட்டத்தைப் பற்றி. பச்சைக்கிளி, மைனா, சில்லை இவற்றை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாசமாக வளர்க்கிறோம் என்பது பதில் ஆகாது, வாங்காதீர்கள். பட்ஜி, காக்டெயில் (தலையில் கொண்டை உள்ள இன்னொரு ஆஸ்திரேலியக் கிளி) இரண்டுக்கும் அந்தச் சிக்கல் இல்லை. ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸில் ஃபிஷர் போன்ற சில வகைகளை வைத்திருந்தால் 2024ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வாங்கும்போது கடை ஓரமாகப் பத்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். நம்மைப் பார்த்ததும் எல்லாப் பறவையும் விறைப்பாக நிமிர்ந்துகொள்ளும், கொஞ்ச நேரம் ஆனதும்தான் நோய் உள்ளது தன் உண்மையான நிலைக்குத் திரும்பும். கண் தெளிவாக, மூக்குத் துளை இரண்டும் அடைப்பில்லாமல், பின்பக்க இறகு எச்சம் ஒட்டாமல் சுத்தமாக இருக்க வேண்டும். நெற்றியில் உள்ள கருங்கோடுகள் மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தால் இளம் பறவை, மூன்று நான்கு மாதத்தில் அந்தக் கோடுகள் மறையும். வளர்ந்த ஆணுக்கு மூக்குப் பகுதி நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். வெள்ளை, மஞ்சள் நிற வகைகளில் மட்டும் ஆணுக்கும் இளஞ்சிவப்பாகவே இருந்துவிடும், அதை வைத்துக் குழம்ப வேண்டாம்.

ஏற்கெனவே வீட்டில் பறவை இருந்தால் புதியதை 30 நாள் வேறு அறையில் வைத்திருங்கள். பழையவற்றுக்குத் தீவனம் வைத்த பிறகு புதியதைக் கவனியுங்கள், திரும்பி வரும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சோம்பல்பட்டு முதல் நாளே ஒரே கூண்டில் விட்டு, மொத்தப் பறவைகளையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

கூண்டு

கடைகளில் அழகாகத் தொங்கும் வட்டக் கூண்டை வாங்க வேண்டாம். மூலையே இல்லாத இடத்தில் பறவைக்கு ஒதுங்க இடம் கிடையாது, பறக்கவும் முடியாது. பட்ஜி ஹெலிகாப்டர் மாதிரி மேலே எழும்பாது, பக்கவாட்டில்தான் பறக்கும். ஆகவே உயரத்தை விட நீளம்தான் முக்கியம். ஒரு ஜோடிக்குக் குறைந்தது 30 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 18 அங்குல உயரம். இதைவிடப் பெரியதாக இருந்தால் இன்னும் நல்லது. கம்பிகளுக்கு நடுவில் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, தலை மாட்டிக்கொள்ளும். காக்டெயில் ஜோடிக்கு நீளம் 36 அங்குலமாவது வேண்டும், கம்பி இடைவெளி முக்கால் அங்குலம் வரை போகலாம்.

வெல்டு மெஷ் வாங்கி நீங்களே கூண்டு செய்கிறீர்கள் என்றால் ஒரு வேலை கூடுதல். புது மெஷ்ஷில் துத்தநாகப் பூச்சு இருக்கும், சில இடங்களில் அது வெள்ளைத் தூளாகவோ சொட்டாகவோ ஒட்டியிருக்கும். பறவை எந்நேரமும் கம்பியைக் கடித்துக்கொண்டிருப்பதால் அது வயிற்றுக்குள் போய் விஷமாகும். வினிகர் தொட்டு வயர் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, சில நாள் வெயிலில் காயவைத்த பிறகு பறவையை விடுங்கள். பெயின்ட் உரியும் பழைய கூண்டு யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம், பழைய பெயின்ட்டில் காரீயம் இருக்கலாம்.

உட்காரும் குச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பறவை நாள் முழுக்க, தூங்கும்போதும்கூட, காலிலேயே நிற்கிறது. கூண்டோடு வரும் பிளாஸ்டிக் குச்சி எல்லா இடத்திலும் ஒரே தடிமன், வழவழப்பு. பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்து, முதலில் தோல் சிவக்கும், அப்புறம் புண்ணாகும், கடைசியில் நிற்கவே முடியாமல் போகும். அந்தக் குச்சியைக் கழற்றிப் போட்டுவிட்டு கொய்யாக் கிளை ஒன்றை வெட்டி வையுங்கள். கொய்யா உறுதியானது, மேடுபள்ளம் உண்டு, பட்டையை உரித்து விளையாடும். வேம்பும் நல்லதுதான். பறவையின் விரல் சுற்றிப் பிடித்தால் முழு வட்டம் போடாமல் முக்கால்வாசி சுற்றும் தடிமன் சரி, ஓர் இடத்தில் சுண்டுவிரல் பருமன், இன்னோர் இடத்தில் அதைவிடக் கொஞ்சம் கூட என்று வேறுபட்டால் இன்னும் சரி. அரளி, எருக்கு, ஆமணக்குக் கிளைகள் கூடவே கூடாது. மருந்து அடித்த தோட்டத்துக் கிளையும் வேண்டாம். வெட்டிய கிளையைத் தேய்த்துக் கழுவி நாலைந்து நாள் நல்ல வெயிலில் போட்டெடுங்கள். கூண்டின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு கிளையாகக் கட்டி நடுவை வெறுமையாக விடுங்கள், அதுதான் அதன் பறக்கும் பாதை. கிண்ணத்துக்கு நேர் மேலே கிளை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் எச்சம் தீவனத்தில் விழும்.

தரையில் செய்தித்தாள் போதும். மரத்தூள் போட்டால் தூசு, ஈரம், பூஞ்சை எல்லாம் சேரும், எச்சம் எப்படி இருக்கிறது என்றும் பார்க்க முடியாது. விளையாட்டுக்கு ஈர்க்குக் கட்டு, பனை ஓலைத் துண்டு, கழுவின தேங்காய்ச் சிரட்டை. நூல் தொங்கும் பொம்மை வேண்டாம், காலில் சுற்றி இறுகிவிடும். தனியாக இருக்கும் பறவைக்குக் கண்ணாடி வைக்கிறார்கள். அது தன் உருவத்தையே துணை என்று நினைத்துத் தின்றதை எல்லாம் அதற்கு ஊட்டக் கக்கிக்கொண்டிருக்கும். கண்ணாடிக்குப் பதில் இன்னொரு பறவையைக் கொண்டுவாருங்கள்.

கூண்டை எங்கே வைப்பது

ஹாலில், ஒரு பக்கமாவது சுவர் ஒட்டி, நம் கண் உயரத்துக்கு. தரையில் வைத்தால் பயந்துகொண்டே இருக்கும்.

சமையலறையிலும் அதற்குப் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் தவா அடுப்பில் காலியாகக் காய்ந்துவிட்டால் அதன் பூச்சிலிருந்து வரும் புகை நமக்கு ஒன்றும் தெரியாது, பறவை சில நிமிடங்களில் இறந்துபோகும். பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகள் இணைந்திருக்கின்றன, காற்றிலிருந்து ஆக்சிஜனை நம்மைவிடத் திறமையாக எடுக்கும் உடம்பு அது, விஷத்தையும் அதே வேகத்தில் எடுத்துவிடும். கொசுவத்தி, பிளக்கில் மாட்டும் லிக்விட், ரூம் ஸ்ப்ரே, ஊதுபத்தி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடாக இருந்தால் முன்கூட்டியே கூண்டைக் காற்றோட்டமான வேறு அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்துங்கள், புகை முழுக்கக் கலைந்த பிறகு எடுத்து வாருங்கள். கரப்பானுக்கு மருந்து அடிக்கிற நாளில் பறவை வீட்டிலேயே இருக்கக் கூடாது. கொசுவுக்கு, கூண்டின் மேல் பழைய கொசுவலையை வெட்டிப் போர்த்துவதுதான் நல்ல வழி. கொசு கடித்துப் பறவைகளுக்கு அம்மை பரவும், ஆகவே வலை வெறும் வசதிக்காக மட்டும் இல்லை.

காலை இளவெயில் அரை மணி நேரம் கிடைத்தால் உடம்பில் வைட்டமின் டி உண்டாகும், கால்சியம் சேர அது வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். பால்கனியில் வைக்கும்போது கூண்டில் பாதிக்கு நிழல் இருக்கட்டும், நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். காகமும் பூனையும் ஒரு நிமிஷத்துக்காகத்தான் காத்திருக்கும். எறும்புக்கு, கூண்டு ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், பாட்டி காலத்தில் பலகாரப் பாத்திரத்துக்குச் செய்தது போலவே.

இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். பதினோரு மணி வரை டிவி ஓடும் ஹால் என்றால் ஏழு, ஏழரைக்குக் கூண்டை உள்ளறைக்கு நகர்த்திவிட்டு, பழைய வேட்டி மாதிரி மெல்லிய பருத்தித் துணியால் மூன்று பக்கம் மூடுங்கள். காக்டெயில்கள் நடு இரவில் திடீரென்று மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும், அவற்றுக்கு ஜீரோ வாட் பல்பு ஒன்று எரியட்டும்.

தீவனம்

தினை மட்டும் போட்டு வளர்க்கும் பறவை உடனே சாகாது, அதனால்தான் எல்லாரும் அது போதும் என்று நினைக்கிறார்கள். எட்டுப் பத்து வருஷம்கூட வாழக்கூடிய பறவை இரண்டு மூன்று வருஷத்தில் போய்விடும், வயசாகிவிட்டது என்று சொல்லிவிடுவோம். விதையில் மாவுச்சத்து நிறைய, வைட்டமின் ஏ அநேகமாக இல்லை, கால்சியமும் அயோடினும் போதாது. வைட்டமின் ஏ குறைந்தால் மூக்கு, தொண்டை உள்பக்கத் தோல் கெட்டு அடிக்கடி சளி பிடிக்கும். அயோடின் குறைந்தால் கழுத்துச் சுரப்பி வீங்கி மூச்சுக்குழலை அழுத்தும். கால்சியம் குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மூன்றுமே தட்டில் சரி செய்யக்கூடியவை.

விதைக் கலவையிலிருந்து தொடங்கலாம். நான் போடுவது: தினை மூன்று பங்கு, பனிவரகு இரண்டு பங்கு, சாமை ஒரு பங்கு, குதிரைவாலி ஒரு பங்கு, கிடைத்தால் கேனரி விதை ஒரு பங்கு. காக்டெயிலுக்கு இதோடு கம்பும் கொஞ்சம் சூரியகாந்தி விதையும். சூரியகாந்தி அப்படியே எண்ணெய், ஒரு பறவைக்கு நாளைக்கு ஐந்தாறு விதை போதும். பட்ஜிக்கு அதுவும் தேவையில்லை. மளிகைக் கடையில் நாம் சமைக்க வாங்கும் சிறுதானியம் தோல் நீக்கியது, அது பறவைக்குச் சரிப்படாது, தோலோடு இருப்பதைத் தீவனக் கடையில் கேளுங்கள். விதைப்புக்காக விற்கும் தானியத்தை மறந்தும் வாங்காதீர்கள். சிவப்பு, பச்சை என்று சாயம் பூசியிருந்தால் அது பூஞ்சைக் கொல்லி மருந்து.

வாங்கிய தானியம் நல்லதா என்று பார்க்க எளிதான வழி ஒன்று உண்டு. இருபது விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி வையுங்கள். மூன்று நான்கு நாளில் பதினைந்து விதையாவது முளைவிட்டால் உயிருள்ள விதை. ஐந்தாறுதான் முளைத்தது என்றால் அது பழசு, அதில் சத்தும் போயிருக்கும். மூட்டையில் வந்ததைக் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்தி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தால் வண்டு வராது. முகர்ந்து பார்த்துப் பூஞ்சை வாடை லேசாக வந்தாலும் மொத்தமாகக் குப்பைக்குத்தான், பூஞ்சை விஷம் ஈரலைப் பிடிக்கும், கழுவினாலும் போகாது. ஒரு பட்ஜிக்கு நாளைக்கு ஒன்றரை டீஸ்பூன் கலவை, சற்று முன்பின் இருக்கலாம்.

அடுத்தது கீரை. இந்த விஷயத்தில் நமக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, ஏனென்றால் முருங்கைக்கீரை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. வைட்டமின் ஏ ஆக மாறும் சத்தும் கால்சியமும் இரண்டும் அதில் நிறைய. கொத்தமல்லி, வெந்தயக்கீரை, சிறுகீரை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பாலக்கீரையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதை எப்போதாவது போதும். எதுவானாலும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

விதை மட்டுமே தின்று பழகிய பறவைக்குக் கீரை ஒரு சாப்பாட்டுப் பொருள் என்றே தெரியாது. எங்கள் வீட்டில் பிழைத்த பச்சைப் பறவை, முதல் நாள் முருங்கைக் கொத்தைப் பார்த்துக் கூண்டின் அடுத்த கோடிக்கு ஓடியது. தினமும் காலையில் விதை வைப்பதற்கு அரை மணி முன்னால், அதே இடத்தில், துணி கிளிப்பால் ஒரு கொத்தைக் கம்பியில் மாட்டினேன், பத்து மணிக்குக் கழற்றினேன். நாலாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்தது. ஏழாம் நாள், இலையில் இருந்த தண்ணீர்ச் சொட்டில் முதுகைத் தேய்த்துக் குளித்தது. பதினோராம் நாள் காம்பின் நுனியை அலகால் பிடித்து இழுத்து, ஓர் இலையைக் கிள்ளி, கீழே போட்டு, அடுத்ததைக் கிள்ளி, அதில் பாதியைத் தின்றது. இப்போது கிளிப்பைக் கையில் எடுத்தாலே கத்த ஆரம்பித்துவிடும். இரண்டு நாள் வைத்துவிட்டு "என் பறவை கீரை சாப்பிடாது" என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் பழக்குவதற்காக விதையை நிறுத்திப் பட்டினி போடுவதும் தவறு.

காய்கறியில் கேரட் துருவல், மஞ்சள் பூசணி, குடைமிளகாய், பச்சை மக்காச்சோளக் கதிரில் ஒரு வட்டம். பழம் வாரம் இரண்டு முறை ஒரு சிறு துண்டு: கொய்யா, பப்பாளி, விதை நீக்கிய ஆப்பிள். புரதத்துக்கு முளைகட்டிய பச்சைப்பயறு, வாரம் ஒரு நாள் வேகவைத்த முட்டை ஜோடிக்கு ஒரு டீஸ்பூன். இறகு உதிரும் சமயத்தில் வாரம் இரண்டு நாள் கொடுங்கள், புது இறகு முழுக்கப் புரதம்தான். முட்டையையும் முளைப்பயறையும் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், நம்மூர்ச் சூட்டில் அதற்கு மேல் கெட்டுப்போகும்.

கால்சியத்துக்குப் பெட் ஷாப்பில் கணவாய் ஓடு விற்பார்கள். அதே பொருள் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்ற பெயரில் கிடைக்கும், விலையும் குறைவு. உப்பு போக ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, மெத்தென்று இருக்கும் பக்கம் பறவையைப் பார்க்கும்படி கட்டுங்கள். அயோடினுக்கு, அது சேர்த்த மினரல் பிளாக் ஒன்று கூண்டில் தொங்கட்டும். மணல், கல் வைக்கச் சொல்வார்கள். புறா, கோழி தானியத்தை முழுசாக விழுங்குவதால் அவற்றுக்கு வேண்டும், தோலுரித்துத் தின்னும் பட்ஜிக்கு அவசியமில்லை.

பெல்லட் தீவனம் (தானியத்தையும் சத்துகளையும் சேர்த்து அரைத்துச் சின்ன உருண்டைகளாக்கியது) சத்துச் சமநிலையில் விதையைவிட நல்லது, விலைதான் கூடுதல். மாற்ற நினைத்தால் நாலு முதல் ஆறு வாரம் எடுத்துக்கொண்டு விதையோடு கலந்து மெதுவாக மாற்றுங்கள், அந்த நாட்களில் தினமும் எடை பார்க்க வேண்டும்.

கொடுக்கக் கூடாதவை: அவகேடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, மிக்சர், சிப்ஸ், பிஸ்கட், உப்பு போட்ட எதுவும். பாலும் வேண்டாம், பறவைக்கு அது செரிக்காது. வாயில் வைத்து ஊட்டுவதையும் நிறுத்துங்கள், நம் எச்சிலில் உள்ள கிருமிகள் அதற்கு ஆகாது.

தண்ணீர், சுத்தம்

தண்ணீர் காலையும் மாலையும் மாற்ற வேண்டும், கோடையில் மூன்று முறை. கிண்ணத்தின் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருந்தால் கிருமி படலம் பிடித்துவிட்டது, தேய்த்துத்தான் கழுவ வேண்டும். தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்லி மஞ்சள் பவுடர், டானிக் எல்லாம் கடையில் விற்கிறார்கள். அந்தப் பவுடர் பெரும்பாலும் ஆன்டிபயாடிக். எந்த நோய் என்றே தெரியாமல், எவ்வளவு குடித்தது என்றும் தெரியாமல் அதைக் கொடுப்பதால், உண்மையான நோய் மறைந்து நாள் தள்ளிப்போகிறது, அதற்குள் பறவை கைமீறிவிடுகிறது. தயவுசெய்து வேண்டாம்.

செய்தித்தாள் தினமும், கிளைகளும் ட்ரேயும் வாரம் ஒரு நாள் வெந்நீரில். காய்ந்த எச்சத்தைச் சுரண்டும்போது முதலில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், மாஸ்க் போடுங்கள். கிளி இனப் பறவைகளிடமிருந்து மனிதருக்கு ஒட்டும் சிட்டகோசிஸ் என்ற காய்ச்சல் இந்தத் தூசு வழியாகத்தான் வரும். வீட்டில் பறவை இருந்து, உங்களுக்கு விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் டாக்டரிடம் பறவை வளர்ப்பதைச் சொல்லிவிடுங்கள்.

கோடை

ஆஸ்திரேலியப் பறவைதானே, வெயில் தாங்கும் என்பார்கள். காட்டில் அது நண்பகலில் மரக்கிளை நிழலுக்குள் போய்விடும், கூண்டில் எங்கே போகும்? வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். கத்திரி வெயில் நாட்களில் கூண்டின் ஒரு பக்கம் ஈரக் கோணியைத் தொங்கவிட்டு, ஃபேன் காற்று அந்தக் கோணிமேல் படும்படி வையுங்கள், பறவைமேல் நேராக வேண்டாம். மண் சட்டியில் ஓர் அங்குல ஆழம் தண்ணீர் வைத்தால் தானே குளித்துக்கொள்ளும். மயங்கி விழுந்துவிட்டால் பாதங்களையும் இறக்கையின் அடிப்பக்கத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும்.

வெளியே பறக்க விடுவது

தினமும் ஒரு மணி நேரம் பறக்கிற பறவைக்குத்தான் தசையும் ஈரலும் சரியாக இருக்கும். ஆனால் கூண்டைத் திறப்பதற்கு முன் சீலிங் ஃபேன் நின்றுவிட்டதா என்று தலையைத் தூக்கிப் பாருங்கள். சுவிட்சை அணைத்துவிட்டேன் என்று நினைப்பது போதாது, ரெக்கை நிற்க வேண்டும். வெளியே இருக்கும் நேரம் முழுக்க அந்த சுவிட்சின் மேல் ஒரு டேப் ஒட்டுங்கள், வீட்டில் வேறு யாராவது பழக்கதோஷத்தில் போட்டுவிடுவார்கள். ஜன்னல், கதவு, தண்ணீர் வாளி, கொதிக்கும் குழம்பு இந்த நாலும் மூடியிருக்க வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்குத் திரை போடுங்கள், தெரியாமல் மோதிக் கழுத்து முறியும்.

பானை வைக்கலாமா?

கூண்டில் முட்டையிடுவதற்கான மண் பானையைக் கட்டினாலே பெண் பறவை முட்டையிடத் தொடங்கும். குஞ்சு வேண்டாம் என்றால் பானையே வேண்டாம். வேண்டும் என்றால் இரண்டுக்கும் ஒரு வயது ஆகட்டும், கடல் நுரையும் முட்டையும் கீரையும் ஒரு மாதமாவது முன்கூட்டியே பழகியிருக்கட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக நாலு முதல் ஆறு முட்டை இடும், ஒவ்வொன்றும் சுமார் 18 நாளில் பொரியும், குஞ்சு ஐந்து வாரத்தில் பானையை விட்டு வெளியே வரும். வருஷத்துக்கு இரண்டு ஈடு போதும், அப்புறம் பானையைக் கழற்றிவிடுங்கள். விற்பனைக்காக இடைவிடாமல் முட்டையிட விட்ட பெண் பறவையின் நெஞ்சு எலும்பைத் தொட்டால் கத்தி முனை மாதிரி இருக்கும். பின்பக்கம் வீங்கி, தரையில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை சிக்கியிருக்கிறது, அது சில மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். எண்ணெய் தடவி, அமுக்கி எடுக்கப் பார்க்காதீர்கள்.

நோயைக் கண்டுபிடிப்பது

கூட்டத்தில் வாழும் பறவை, பலவீனம் தெரிந்தால் பருந்துக்கு இரையாகிவிடும் என்பதால் நோயைக் கடைசி வரை மறைக்கும். நம் கண்ணுக்குத் தெரியும்போது அது பல நாள் ஆன நோய். ஆகவே சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்றை இதற்கென்று வாங்குங்கள். தராசின் மேல் சின்ன டப்பா வைத்து, பூஜ்யமாக்கி, அதில் நாலு தினை போட்டால் தானே ஏறி நிற்கும். வாரம் ஒரு நாள், காலையில், தீவனத்துக்கு முன்னால் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். 36 கிராம் பறவை 32க்கு வந்துவிட்டால் அன்றைக்கே கிளம்ப வேண்டும், பார்க்க எவ்வளவு துறுதுறுப்பாக இருந்தாலும்.

எச்சத்தைப் பொறுத்தவரை, கரும்பச்சையில் சுருளாக ஒன்று, நடுவில் வெள்ளை, சுற்றிலும் கொஞ்சம் ஈரம், இதுதான் சரி. வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரலில் கோளாறு இருக்கலாம். செரிக்காத தினை முழுசாக வந்து, நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே போனால் வயிற்றில் பூஞ்சைத் தொற்று இருக்கக்கூடும். மூக்கைச் சுற்றியும் அலகோரத்திலும் தேன்கூடு மாதிரி வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் உண்ணி, மருத்துவர் கொடுக்கும் சொட்டு மருந்தில் சுலபமாகப் போகும். ஒற்றைக் காலில் நின்று அலகை அரைத்துக்கொண்டே தூங்கினால் சந்தோஷமாக இருக்கிறது என்று பொருள். பகலில் இறகை உப்பிக்கொண்டு இரண்டு காலையும் ஊன்றித் தூங்கினால், மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால், காத்திருக்காதீர்கள்.

சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிகளும் உண்டு. தனியார் மருத்துவர் என்றால் பறவை பார்ப்பாரா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள், நாயும் பூனையும் மட்டுமே பார்ப்பவர்கள் நிறைய. இந்த விசாரணையைப் பறவை நன்றாக இருக்கும்போதே முடித்து, நம்பரை ஃபோனில் சேமித்துவிடுங்கள்.

கிளம்பும் வரை பறவையைச் சூடாக வைத்திருக்க வேண்டும், நோயுற்ற பறவைக்கு 30 டிகிரி செல்சியஸ் அளவு தேவை. சின்ன அட்டைப் பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, அடியில் துணி விரித்து, ஒரு பக்கச் சுவருக்கு வெளியே வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள். சூடு அதிகமானால் பறவை தானே மறுபக்கம் தள்ளிக்கொள்ள இடம் இருக்க வேண்டும். பெட்டிக்குள் கிளை வேண்டாம், விழுந்துவிடும். தினையைத் தரையிலேயே தூவிவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் வழியில் கொட்டி நனைத்துவிடும், பதிலுக்கு ஒரு துண்டு வெள்ளரிக்காய் போடுங்கள். அன்றைய செய்தித்தாளை எச்சத்தோடு மடித்து ஒரு கவரில் எடுத்துக்கொள்ளுங்கள், எடை எழுதிய நோட்டையும். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டையும்தான்.